காய்ச்சலுக்கு இன்று எத்தனையாவது நாள்? யாழ்ப்பாண விடுதிகளில் புதிதாகப் பணி தொடங்குவோருக்கான நோய்நிர்ணய வழிகாட்டி

வாடைக்காற்றோடு மாரி மழை தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மருத்துவ விடுதிகள் காய்ச்சல் நோயாளிகளால் நிறையத் தொடங்கும். டெங்கு, எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிசு), உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைபசு), நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) ஆகிய நான்கும் ஒரே பருவத்தில், ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே வீட்டிலேயே வரக்கூடியவை. முதல் மூன்று நாட்களில் நான்கிலும் தலையிடி, உடம்பு உளைவு, சத்தி, சோர்வு, கடுங்காய்ச்சல் என்பவையே இருக்கும் என்பதால், இந்த அறிகுறிகளை மட்டும் வைத்துக்கொண்டு அனுபவம் மிக்கவரும் அவற்றை உறுதியாகப் பிரித்தறிய முடியாது. இந்தக் கட்டுரை உள்ளகப் பயிற்சிக்கு வரும் வைத்தியர்களுக்கும், மருத்துவபீட மாணவர்களுக்கும், ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேரும் தொழினுட்பவியலாளர்களுக்கும் எழுதப்படுகிறது. ஒரே நோயாளியின் குருதி, ஒரே பரிசோதனைக்கு, நோயின் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு விடைகளைத் தரும்; ஆகையால் நாளை அறியாமல் பரிசோதனையைத் தெரிவு செய்யவும் கூடாது, பெறுபேற்றை வாசிக்கவும் கூடாது. கீழே வரும் படிகள் அனைத்தும் இதையே சுற்றி அமைந்தவை.

முதற்படி: நாளை எண்ணுதல்

“எத்தனை நாளாகக் காய்ச்சல்?” என்று கேட்டால் “ஒரு கிழமையாக” என்றோ “இரண்டு மூன்று நாளாக” என்றோதான் விடை வரும். அதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சல் தொடங்கிய அன்று என்ன கிழமை, அன்று வேலைக்குப் போனாரா, கோயிலுக்குப் போனாரா, முதல் பனடோலை எப்போது போட்டார் என்று கேட்டுக் கேட்டு ஒரு திகதியையும் ஏறத்தாழ ஒரு நேரத்தையும் பெற வேண்டும். திங்கட்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கிய காய்ச்சல் வியாழன் இரவு 10 மணிக்குத்தான் 72 மணித்தியாலங்களை நிறைவு செய்யும். வியாழன் காலையிலேயே அதை “நான்காம் நாள்” என்று ஒருவரும் “மூன்றாம் நாள்” என்று இன்னொருவரும் எழுதுவதால், டெங்கு நோயாளியின் குருதித் திரவம் கசியும் காலத்தைக் கணிப்பதில் அரை நாள் பிழை ஏற்பட்டுவிடுகிறது.

நோயாளியின் குறிப்பேட்டில் “மூன்று நாள் காய்ச்சல்” என்று எழுதாமல், தொடங்கிய திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். இன்று எழுதிய “மூன்று நாள்” நாளை மறுநாளும் “மூன்று நாள்” என்றே பிரதி செய்யப்படுவதை எந்த விடுதியிலும் காணலாம். திகதி எழுதப்பட்டிருந்தால் அந்தப் பிழைக்கு இடமில்லை. ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்திலும் அதே திகதி இருக்க வேண்டும். காய்ச்சல் இடையில் ஓரிரு நாள் விட்டு மீண்டும் வந்திருந்தால் முதல் தொடக்கத்திலிருந்தே எண்ணுங்கள். எலிக்காய்ச்சலும் டெங்குவும் இவ்வாறு இரு கட்டமாக வரக்கூடியவை.

இரண்டாம் படி: எங்கே, என்ன வேலை, என்ன தண்ணீர், என்ன மருந்து

அடுத்துக் கேட்க வேண்டியது நோய்க்கிருமியோடு நோயாளி எங்கே சந்தித்திருக்கக்கூடும் என்பதாகும். இதற்குக் குடாநாட்டின் வாழ்க்கைமுறை தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வரும் வெளிமாவட்ட வைத்தியர்கள் விடுதியில் உள்ள மூத்த தாதியரிடம் இதைக் கேட்டறிந்துகொள்வது மிகவும் பயன்தரும்.

வெள்ளம் நின்ற வயலில் வெறுங்காலுடன் இறங்கியவர், வாய்க்கால் துப்புரவாக்கியவர், மாட்டுப்பட்டி வைத்திருப்பவர், வெள்ளம் வடிந்த பின் வீடு கழுவியவர் ஆகியோருக்கு எலிக்காய்ச்சலின் சாத்தியம் கூடுதல். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையையும் வெள்ளத்தையும் அடுத்து, டிசம்பரில் வடமராட்சிப் பகுதியில் காய்ச்சலுடன் பலர் அனுமதிக்கப்பட்டுச் சிலர் உயிரிழந்தபோது, முதலில் அது இனங்காணப்படாத காய்ச்சலாகவே பேசப்பட்டது. பின்னர் எலிக்காய்ச்சல் என உறுதியாயிற்று. வெள்ளத்துக்கும் எலிக்காய்ச்சலுக்கும் இடையில் பொதுவாக 5 முதல் 14 நாட்கள் இருக்கும் என்பதால், வெள்ளம் வடிந்த இரண்டாவது கிழமையே விழிப்பாக இருக்க வேண்டிய காலம்.

பத்தை வெட்டியவர், விறகு பொறுக்கியவர், வடலிக்குள் ஆடு மேய்த்தவர், நெடுங்காலம் ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்த மீள்குடியேற்றக் காணியைத் துப்புரவாக்கியவர் ஆகியோரிடம் உண்ணிக்காய்ச்சலை நினையுங்கள். இதைப் பரப்புவது நாம் மாட்டிலும் நாயிலும் காணும் பெரிய உண்ணியன்று. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குடம்பி. எனவே “உண்ணி கடித்ததா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று விடை வந்தால் அதில் எந்தப் பொருளும் இல்லை. கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கும் நிலத்தடி நீரே கிணறுகளுக்கு வருகிறது. வெடிப்புகளும் துளைகளும் உள்ள அந்தப் பாறை வழியே மலசலகூடக் குழியின் கழிவு அயற்கிணற்றுக்குச் செல்ல நீண்ட காலம் தேவைப்படாது. ஆகையால் கிணற்றின் இடம், கொதிக்க வைத்துக் குடிக்கும் பழக்கம், அண்மையில் சாப்பிட்ட வெளிக்கடை உணவு, வீட்டில் வேறு எவருக்கேனும் காய்ச்சலோ செங்கண்மாரியோ இருந்ததா என்பவற்றைக் கேட்காமல் நெருப்புக்காய்ச்சலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

டெங்குவைப் பொறுத்தவரையில் ஒரு பழைய நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே பெருகும் என்பதால், உவர்நீர் சூழ்ந்த கரையோர ஊர்களில் ஆபத்துக் குறைவு என்று கருதப்பட்டது. யாழ்ப்பாணக் கரையோரங்களையும் உள்ளடக்கி நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, உவர் கலந்த நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதைக் காட்டியது. ஆகவே முகவரி கடற்கரையாக இருப்பது டெங்குவை விலக்கும் காரணமாகாது.

வெளிநாட்டுப் பயணத்தை ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாகச் சான்றளித்தது. ஆனால் இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ வருபவர் அதைக் கொண்டுவரலாம். கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய, மலேரியாவைப் பரப்பவல்ல புதிய நுளம்பினம் மன்னாரில் கண்டறியப்பட்டுப் பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டுள்ளது. பயணம் செய்தவருக்குக் குருதிப் பூச்சும் விரைவுப் பரிசோதனையும் அன்றே செய்யப்பட வேண்டும். ஒரு முறை இல்லை என்று வந்தால் தொடரும் நாட்களில் மீண்டும் செய்ய வேண்டும்.

கடைசியாக, மருந்து. மருந்துக்கடையில் வாங்கிய அன்டிபயோடிக்கின் இரண்டு குளிசையே, குருதியில் உள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் கண்டறியும் குருதி வளர்ப்பைப் பயனற்றதாக்கிவிடப் போதுமானது. டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்ற நோவு மருந்துகள் டெங்குவில் குருதிப்பெருக்கை வரவழைக்கும். மலவாசலில் வைக்கும் மருந்தை “மருந்து” என்று பலர் எண்ணுவதே இல்லையாதலால், அதைத் தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாம் படி: உடைகளை அகற்றி உடல் முழுவதையும் பார்த்தல்

உண்ணிக்காய்ச்சலை நிர்ணயிக்க உதவும் மிகச் சிறந்த கருவி நோயாளியின் தோலில்தான் இருக்கிறது. சிற்றுண்ணி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதைப் போல, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்பும் உள்ள ஒரு புண் உண்டாகும். அது நோவதில்லை, அரிப்பதுமில்லை. எனவே நோயாளி அதை அறிந்திருக்கமாட்டார். கமக்கட்டு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, தொப்புள், இடுப்பில் உடை இறுகும் கோடு, காதின் பின்புறம், ஆண்களின் விதைப்பை, பிட்டம் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து, ஆழமற்ற வெளிறிய புண்ணாக மட்டும் காணப்படலாம். ஒரு பக்கத்தில் மட்டும் நெறி கட்டி நோவிருந்தால், அந்த நெறிக்கு வடியும் பகுதி முழுவதையும் தேடுங்கள். பெண் நோயாளிகளைப் பார்க்கும்போது பெண் வைத்தியரையோ தாதியையோ துணைக்கு அழைத்து, திரையிட்டு, ஏன் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிப் பார்த்தால் எவரும் மறுப்பதில்லை. கூச்சத்தால் இந்தப் படியைத் தவிர்ப்பதே இந்நோய் தவறவிடப்படுவதற்கு முதன்மையான காரணம் என்பது என் கருத்து. புண் இல்லாத நோயாளிகளும் பலர் உள்ளனர் என்பதையும் மறக்கக் கூடாது.

எலிக்காய்ச்சலில் பீளையில்லாமல் கண் சிவந்திருக்கும். கெண்டைக்காலை மெல்ல அழுத்தினாலே நோயாளி முகம் சுளிப்பார். மஞ்சட்காமாலை, சிறுநீர் குறைதல், இருமலில் குருதி, ஒட்சிசன் அளவு இறங்குதல் ஆகியவை வந்துவிட்டால் நோய் கடுமையாகிவிட்டது. அதிலும் நுரையீரலுக்குள் குருதி கசிவது சில மணித்தியாலங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. டெங்குவில் முகமும் மார்பும் சிவந்து, விரல் வைத்து அழுத்தினால் வெளிறி மீளும். நெருப்புக்காய்ச்சலில் காய்ச்சலின் உயரத்துக்கு ஏற்ப நாடித்துடிப்பு ஏறாதிருக்கலாம். நாக்கில் வெண்படலமும் வயிறு உப்புதலும் இருக்கலாம். மண்ணீரல் இரண்டாம் கிழமையில் கைக்குத் தட்டுப்படலாம். சிக்குன்குன்யாவில் கை, கால் மூட்டுகளின் நோவே ஏனைய எல்லாவற்றையும் விட மேலோங்கி நிற்கும். இதயத்தில் புதிய முணுமுணுப்பு, கழுத்து விறைப்பு, ஒரு மூட்டில் மட்டும் வீக்கம் என்பவற்றைத் தேடாமல் பரிசோதனையை முடிக்க வேண்டாம்.

நான்காம் படி: குருதிக்கலங்களின் எண்ணிக்கையை வாசித்தல்

முழுமையான குருதிக்கல எண்ணிக்கை எல்லா ஆதார வைத்தியசாலைகளிலும் சில மணித்தியாலத்துக்குள் கிடைப்பது. அதை நன்றாக வாசிக்கத் தெரிந்தவருக்கு அதைவிடப் பயனுள்ள பரிசோதனை குறைவு. புதியவர்கள் குருதிச்சிறுதட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, அது குறைந்திருந்தால் டெங்கு என்று முடிவு செய்கின்றனர். சிறுதட்டுகள் எலிக்காய்ச்சலிலும் உண்ணிக்காய்ச்சலிலும் மலேரியாவிலும் கடுமையான பற்றீரியத் தொற்றிலும் குறையும். முதலில் வெண்குழியங்களைப் பாருங்கள். டெங்குவில் அவை ஒரு மைக்ரோலீற்றருக்கு 5,000க்குக் கீழ் இறங்குவது வழக்கம். சிறுதட்டுகள் விழுவதற்கு ஓரிரு நாள் முன்னரே அந்த இறக்கம் தொடங்கிவிடும். எலிக்காய்ச்சலில் சிறுதட்டுகள் குறைந்திருக்கும்போதே வெண்குழியங்கள் கூடி, அவற்றுள் நியூத்திரபில்கள் என்ற வகை மேலோங்கியிருக்கும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் மிக உயர்ந்திருக்கும். நெருப்புக்காய்ச்சலில் வெண்குழியங்கள் இயல்பாகவோ குறைந்தோ இருக்கும், அவற்றின் இன்னொரு வகையான இயோசினபில்கள் அநேகமாக மறைந்துவிடும்.

இயந்திரம் தரும் எண்ணையும் ஐயத்துடன் நோக்க வேண்டும். நோயாளி நலமாகக் காணப்பட, சிறுதட்டுகள் மட்டும் திடீரென 30,000 என்று வந்தால், குழாயில் உள்ள உறைதடுப்பியால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருக்கலாம். தொழினுட்பவியலாளர் கண்ணாடித்துண்டில் பூச்சு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் அது தெளிவாகிவிடும். அந்த ஐந்து நிமிடத்தை ஆய்வுகூடத்திடம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஈரல் நொதியங்களும் கதை சொல்லும். டெங்குவில் ஏ.எஸ்.ரி. என்பது ஏ.எல்.ரி.யை விட உயர்ந்து நிற்கும். வைரசு ஈரலழற்சியில் ஏ.எல்.ரி. ஆயிரக்கணக்கில் ஏறும். எலிக்காய்ச்சலில் மஞ்சட்காமாலையை உண்டாக்கும் பிலிருபின் மிகக் கூடியிருக்க, நொதியங்கள் மிதமாகவே ஏறியிருக்கும். சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியற்றினின் ஏறும், ஆனால் சிறுநீரகம் பழுதடையும் ஏனைய பல நோய்களில் ஏறும் பொற்றாசியம் இதில் இறங்கியோ இயல்பாகவோ இருப்பது வழக்கம்.

டெங்குவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சிறுதட்டுகள் எவ்வளவு குறைந்தன என்பதை விட, குருதி நாளங்களிலிருந்து திரவம் கசிகிறதா என்பதே உயிரைத் தீர்மானிக்கும். சிறுதட்டுகள் 100,000ஐ நோக்கி இறங்கும் வேளையில், பெரும்பாலும் காய்ச்சல் தணியத் தொடங்கும் நாளில், அந்தக் கசிவு தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலங்கள் நீடிக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று நோயாளியும் உறவினரும் மகிழும் நேரமும் அதுவே. விடுதியில் எல்லோரும் பி.சி.வி. என்று சொல்லும் செங்குழியச் செறிவு தொடக்க அளவிலிருந்து 20 சதவீதம் ஏறுதல், அல்புமின் குறைதல், அல்ட்ராசவுண்டில் பித்தப்பைச் சுவர் தடித்தலும் வலது நுரையீரலைச் சூழத் திரவமும் காணப்படுதல், மேல், கீழ் குருதியமுக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம் 20 மில்லிமீற்றருக்குச் சுருங்குதல் ஆகியவை கசிவின் சான்றுகள். தொடக்க அளவு தெரியாவிட்டால் ஏற்றத்தைக் கணிக்க வழியில்லை. ஆகையால் மூன்றாம் நாளிலேனும் ஒரு எண்ணிக்கை எடுத்து வைப்பது அவசியம்.

ஐந்தாம் படி: அன்டிபயோடிக்குக்கு முன் குருதி வளர்ப்பு

குருதி வளர்ப்புக்கு வளர்ந்தவரிடமிருந்து ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் வரை, இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். நெருப்புக்காய்ச்சலில் ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஒரு கிருமி கூட இல்லாதிருக்கலாம் என்பதால், மூன்று மில்லிலீற்றர் எடுத்து அனுப்பிவிட்டு “வளர்ச்சி இல்லை” என்ற விடையை நம்புவது தன்னையே ஏமாற்றுவதாகும். தோலைத் துடைத்த கிருமிநீக்கி காய்ந்த பின்னரே ஊசியைச் செலுத்துங்கள். போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். நெருப்புக்காய்ச்சலுக்கு முதற்கிழமைக் குருதியே சிறந்தது. என்புமச்சை வளர்ப்பு அதனினும் கூடுதலாகக் கிருமியைக் காட்டும், எனினும் அபூர்வமாகவே தேவைப்படும். முள்ளந்தண்டுத் திரவத்தையும் இயன்றவரை மருந்துக்கு முன்னரே எடுக்க வேண்டும். ஆனால் மூளையுறை அழற்சி என்ற ஐயம் வலுத்து, திரவம் எடுப்பது தாமதமாகுமானால், குருதி வளர்ப்பை மட்டும் எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுங்கள்.

இங்கே ஆய்வுகூடத்தினருக்கு ஒரு வார்த்தை. நீரிழிவு உள்ள ஒருவர், மாரி காலத்தில், நியூமோனியாவோடோ ஈரல், மண்ணீரல் சீழ்க்கட்டிகளோடோ, வீங்கிய மூட்டோடோ வந்து, அவருடைய வளர்ப்பில் ஒட்சிடேசு சாதகமான கிராம் எதிர்க் கோல்கள் வளர்ந்தால், அதைச் சூழலிலிருந்து கலந்த சூடோமோனாசு என்று எழுதி ஒதுக்கிவிட வேண்டாம். அது மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியோயிடோசிசுக் கிருமியாக இருக்கலாம். ஜென்டமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் எதிர்ப்பு, கோ-அமொக்சிகிளாவுக்கு உணர்திறன் என்ற சேர்க்கையைக் கண்டவுடன் அந்த வளர்ப்புத் தட்டுகளை உயிரியற் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் மட்டும் திறந்து, நுண்ணுயிரியல் வைத்திய நிபுணருக்கு உடனே அறிவியுங்கள். தட்டில் தோன்றும் கிருமிக் குடியிருப்புகள் முதல் நாள் சிறியவையாகவும் சிறப்பில்லாதவையாகவும் இருக்கும். மூன்றாம் நாளுக்குப் பின்னரே அவை சுருங்கி வரண்ட தோற்றத்தைப் பெறும். விடுதியில் இருப்பவர் விண்ணப்பத்தில் “நீரிழிவு, வயல் வேலை, மண்ணீரலில் கட்டி” என்று எழுதியிருந்தால் மட்டுமே ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு இந்த ஐயம் எழும். இந்நோய்க்குச் செஃப்டசிடிமோ மெரோபெனமோ குறைந்தது 10 நாட்களும், அதன்பின் கோ-ட்ரைமொக்சசோல் மூன்று மாதமும் தேவைப்படுவதால், கிருமியின் பெயரில் நேரும் பிழை பாரதூரமானது.

ஆறாம் படி: குறிப்பான பரிசோதனையை நாளுக்கு ஏற்பத் தெரிதல்

முதல் ஐந்து நாட்களில் டெங்குவுக்கு, வைரசின் புரதத்தைக் குருதியில் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை பொருத்தமானது. ஐந்தாம் நாளுக்குப் பின், நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிருடல் தோன்றத் தொடங்கும். முன்னர் ஒருமுறை டெங்கு வந்தவருக்கு என்.எஸ்.1 விரைவாகவே மறைந்துவிடும் என்பதால், நான்காம் நாளில் எதிர்மறையாக வந்த என்.எஸ்.1 டெங்குவை விலக்காது. எலிக்காய்ச்சற் கிருமியின் மரபணுவை முதற்கிழமைக் குருதியில் பி.சி.ஆர். முறையால் கண்டறியலாம்; எதிருடல்கள் ஐந்தாம் நாளுக்குப் பின்னரே எழும். உறுதியான விடைக்குப் பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் எதிருடல் நான்கு மடங்கு ஏறியிருப்பதைக் காட்ட வேண்டும். உண்ணிக்காய்ச்சலுக்கான ஒளிர் எதிருடல் பரிசோதனைக்கும் அதே இரட்டை மாதிரி விதி பொருந்தும். இத்தகைய மாதிரிகள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் வரை சென்று திரும்ப வேண்டியிருப்பின், விடை வரும்போது நோயாளி குணமடைந்து வீட்டில் இருப்பார், அல்லது இறந்திருப்பார். ஆகவே அந்த விடைக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைப்பதற்கில்லை.

நெருப்புக்காய்ச்சலுக்கான வைடல், உண்ணிக்காய்ச்சலுக்கான வெயில்-பெலிக்ஸ் என்ற இரண்டு பழைய பரிசோதனைகளும் இன்னும் தனியார் ஆய்வுகூட அறிக்கைகளில் வருகின்றன. முன்னைய தொற்றும் வேறு காய்ச்சல்களும் வைடலைச் சாதகமாக்கக்கூடும்; ஒற்றை மாதிரியில் வந்த வைடலை வைத்து நெருப்புக்காய்ச்சல் என்று பெயரிட வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. வெயில்-பெலிக்ஸ் வேறு வழி இல்லாத இடத்தில் ஓரளவு துணை செய்யும், ஆனால் எதிர்மறையாக வந்தால் எதையும் விலக்காது.

சாதகமான பெறுபேற்றின் மதிப்பு, பரிசோதனைக்கு முன் நமக்கு இருந்த ஐயத்தின் வலுவைப் பொறுத்தது. நோய் உள்ள நூறு பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விலக்கும் ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். நோய் நூற்றில் ஒருவருக்கே இருக்கக்கூடிய ஆயிரம் பேருக்கு அதைச் செய்தால், நோயுள்ள 10 பேரில் 9 பேரும், நோயற்ற 990 பேரில் 99 பேரும் சாதகமாக வருவார்கள்; அதாவது 108 சாதகமான விடைகளில் 9 மட்டுமே மெய். அதே பரிசோதனையை, வயலில் வேலை செய்து, கண் சிவந்து, கெண்டைக்கால் நொந்து வந்த, பாதிப் பேருக்கு நோயிருக்கக்கூடிய கூட்டத்துக்குச் செய்தால், பத்துச் சாதகங்களில் ஒன்பது மெய்யாக இருக்கும். காய்ச்சல் என்று வந்த எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனைகளையும் எழுதுவது பணச்செலவோடு நிற்பதில்லை; பொய் விடைகளையும் அள்ளிக் கொண்டுவருகிறது.

படிகளைச் சேர்த்துப் பார்த்தல்

கற்பனையாக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதைக் கடந்த கமக்காரர், மார்கழி மாதத்தில், ஐந்தாம் நாள் காய்ச்சலுடன் வருகிறார். கையில் உள்ள தனியார் அறிக்கையில் சிறுதட்டுகள் 62,000. அன்று காலை செய்த என்.எஸ்.1 எதிர்மறை. “டெங்கு, என்.எஸ்.1 தவறிவிட்டது” என்று எழுதத் தோன்றும். ஆனால் அதே அறிக்கையில் வெண்குழியங்கள் 13,800, அவற்றில் 86 சதவீதம் நியூத்திரபில்கள். டெங்குவின் ஐந்தாம் நாளுக்கு இது பொருந்தாது. கேட்டால், இரண்டு கிழமைக்கு முன் வெள்ளம் நின்ற வயலுக்குள் இறங்கி வரம்பு வெட்டியிருக்கிறார். கெண்டைக்கால் நோகிறது, நேற்றிலிருந்து சிறுநீர் குறைவு, கிரியற்றினின் 2.1 என உயர்ந்திருக்கிறது. இப்போது எலிக்காய்ச்சல் முதலிடத்துக்கு வருகிறது. குருதி வளர்ப்பையும் பி.சி.ஆர். மாதிரியையும் எடுத்துவிட்டு, மூத்த வைத்தியரின் ஒப்புதலோடு பெனிசிலினையோ செப்ட்ரயக்சோனையோ அன்றே தொடங்க வேண்டும். சிறுநீரின் அளவையும் ஒட்சிசன் அளவையும் மணித்தியாலக் கணக்கில் குறிக்க வேண்டும்.

இனி அவருக்குச் செப்ட்ரயக்சோன் கொடுத்து மூன்று நாளாகியும் காய்ச்சல் தணியவில்லை என்று வைத்துக்கொள்வோம். நெருப்புக்காய்ச்சலானால், சரியான மருந்திலும் காய்ச்சல் விட நான்கு முதல் ஆறு நாட்கள் எடுக்கும் என்பதால் அது தோல்வியாகாது. ஆனால் உண்ணிக்காய்ச்சலுக்குப் பெனிசிலினும் செப்ட்ரயக்சோனும் வேலை செய்வதில்லை. மீண்டும் உடல் முழுவதையும் தேடுங்கள்; புண் அகப்படாவிட்டாலும், தொழிலும் பருவமும் பொருந்தினால் டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இரு முறை சேர்ப்பது நியாயமானது. கர்ப்பிணியானால் அசித்ரோமைசின். இம்மருந்துகளுக்கு உண்ணிக்காய்ச்சல் பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். அந்தத் தணிவே நோய்நிர்ணயத்துக்கு ஒரு சான்று. டொக்சிசைக்கிளின் எலிக்காய்ச்சலுக்கும் பயன்படும் என்பதால், தணிந்தது எந்த நோய் என்பதை இரண்டாவது குருதி மாதிரிதான் சொல்லும்; வீட்டுக்கு அனுப்பும்போதே அதற்கான திகதியைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு கிழமையைக் கடந்த காய்ச்சல் வேறு வகைக் கணக்கு. டெங்குவை மறந்துவிடலாம். காசநோய், இதய உள்ளுறைத் தொற்று, உள்ளுறுப்புச் சீழ்க்கட்டி, மெலியோயிடோசிசு, எச்.ஐ.வி., குருதிப் புற்றுநோய், இணைப்பிழைய நோய்கள் என்று பட்டியல் மாறும். மூன்று முறை குருதி வளர்ப்பு, நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட், சளியில் காசநோய்க் கிருமிக்கான மரபணுப் பரிசோதனை என்பவற்றோடு, முதலாம் நாளில் கேட்ட கேள்விகள் அனைத்தையும் புதிதாக, வேறொருவரைக் கொண்டு கேட்பிக்க வேண்டும். பல நேரங்களில் விடை அந்த இரண்டாவது விசாரிப்பில்தான் கிடைக்கிறது.

கடைசிப் படி: அறிவித்தல்

டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், வைரசு ஈரலழற்சி ஆகியவை இலங்கையில் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். ஆய்வுகூட உறுதிப்படுத்தலுக்குக் காத்திராமல், ஐயம் எழுந்தவுடனேயே எச் 544 படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அதைப் பெற்றுக்கொண்டு வீடு தேடிப் போகிறவர் பொதுச் சுகாதார பரிசோதகர். “யாழ்ப்பாணம்” என்று மட்டும் எழுதிய முகவரியோடு அவரால் எதுவும் செய்ய முடியாது. ஊர், ஒழுங்கை, கிராம அலுவலர் பிரிவு, அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். நோயாளி கடந்த இரண்டு கிழமையும் தங்கியிருந்தது வேறு இடமானால், உதாரணமாகக் கொழும்பிலிருந்து காய்ச்சலோடு பேருந்தில் வந்தவரானால், அந்த முகவரியையும் சேருங்கள். நுளம்பு கடித்த இடம் அதுவாக இருக்கலாம். காய்ச்சல் தொடங்கிய திகதிக்கும் படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது. அனுமதித்த திகதியை அதில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.